கடைசியில் சாப்பிடுகிறவர்

மண்ணூர்பேட்டையில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை ஒட்டியிருந்த ஒரு கம்பெனியில் கிறிஸ்துதாஸ் கேன்டீன் சமையல்காரராக இருந்தார். விடியக்காலம் எழுந்து, திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தால், மத்தியானம் மூணு மணி வரைக்கும் அடுப்பங்கரைதான். ஒல்லியான மனுஷர். பேச்சு குறைவு. சாம்பாரில் உப்பு கூடிப்போச்சு என்று யாராவது சொன்னால் கோபப்படமாட்டார். உள்ளங்கையில் ஒரு சொட்டு ஊற்றி நக்கிப் பார்த்துவிட்டு, ஆமா நைனா, கூடித்தான் போச்சு என்று ஒத்துக்கொள்வார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எல்லாரும் சாப்பிட்டு முடிக்காமல் அவர் சாப்பிடமாட்டார்.

அது வந்த கதை இப்படி. எண்பத்தொண்ணாம் வருஷம், வேலையில் சேர்ந்த புதிது. ஒரு நாள் பசி தாங்காமல் பந்தி தொடங்குவதற்கு முன்னாலேயே ஒரு தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டுவிட்டார். அன்றைக்கென்று சோறு குறைந்துபோயிற்று. லேத்தில் வேலை செய்த கஜபதி மட்டும் மிஷினை நிறுத்திவிட்டுக் கடைசியாக வந்தார். அண்டாவில் ஒன்றும் இல்லை. குழாயில் வாயை வைத்துத் தண்ணீர் குடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, திரும்ப மிஷினுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட கிறிஸ்துதாஸ் மறந்திருப்பார். அந்தக் குழாய்தான் அவரை விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பீடத்தண்டை முழங்கால் போட்டு, ஆண்டவரே, இனிமேல் நான்தான் கடைசி ஆள் என்று வார்த்தை கொடுத்துவிட்டு வந்தார்.

கேன்டீனுக்காகக் கொடுத்த வார்த்தை வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் மனைவி ஞானகுமாரி மூணு தட்டு வைப்பாள். அவளுக்கு ஒன்று, மகள் செலினுக்கு ஒன்று, மகன் ஜேம்ஸுக்கு ஒன்று. அவர் நின்றுகொண்டு பரிமாறுவார். அவர்கள் கை கழுவின பிறகு, சமையல் ரூமில் தனியாகக் குந்திக்கொண்டு சாப்பிடுவார். கிறிஸ்மஸ் பிரியாணிக்கும் அதே கதைதான். முதலில் ஞானகுமாரி சண்டை போட்டுப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

பன்னிரண்டு வருஷம் இப்படியே போயிற்று. தொண்ணூற்று மூணில் செலினுக்குப் பத்தொன்பது வயசு. திருச்சிப் பக்கம் ஒரு கன்னியர் மடத்தில் சேருவதற்கு அவளுக்குக் கடிதம் வந்துவிட்டது. ஜூன் மாசம் போகவேண்டும். போனால் போனதுதான். வருஷத்துக்கு ஒரு முறை பார்க்கலாம். ஆனால் வீட்டில் உட்கார்ந்து நாலு பேரோடு சாப்பிடுகிறதெல்லாம் இனி கிடையாது.

போவதற்கு முன்னால் உனக்கு என்னம்மா வேணும் என்று ஜேம்ஸ் கேட்டான். அவன் பாடியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. வாட்சு கேட்பாள், பெட்டி கேட்பாள் என்று நினைத்தான். செலின் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா சாப்புடறத நான் பாத்ததே இல்ல. ஒரே ஒரு வாட்டி எங்ககூட உக்காந்து சாப்புடுப்பா."

கிறிஸ்துதாஸ் தலையை ஆட்டினார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஜேம்ஸ்தான் வழி கண்டுபிடித்தான். வீட்டில் என்றால் அப்பா எப்படியும் எழுந்து கரண்டியைப் பிடிப்பார். ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் கரண்டி அவர் கைக்கு வராது.

பூந்தமல்லி ரோட்டில் அப்போது புதிதாக ஒரு பெரிய ஓட்டல் திறந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, மேஜைக்கு வெள்ளைத்துணி. சுற்றுவட்டாரத்து ஏரியிலும் தோட்டத்திலும் கிடைக்கிறதைத்தான் சமைப்போம் என்பது அவர்கள் பெருமை. மே மாசக் கடைசி சனிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, நாலு பேரும் பஸ் மாறிப் போய் இறங்கினார்கள். பஸ்ஸில் கிறிஸ்துதாஸ் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தார். மகள் ஆண்டவருக்கென்று போகிறாள். அவர் வார்த்தை கொடுத்ததும் அதே ஆண்டவருக்குத்தான். இரண்டு பேரில் யாரை ஏமாற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்ததும் ஜேம்ஸ் அட்டையை விரித்துப் படித்தான். செம்பரம்பாக்கம் ஏரி விரால், பொன்னேரி அரிசிச் சோறு, திருமழிசைச் சிறுகீரை. கீரை குட்டியூண்டு செப்புச் சட்டியில், மேலே வறுத்த மிளகாயோடு வந்தது. கேன்டீனுக்குக் கூடையில் கீரை கொண்டுவந்து போடுகிற வேம்புலியம்மாளுக்கும் திருமழிசைதான் ஊர்.

"இன்னாப்பா, நம்ம வேம்புலிம்மா கீரை கோட்டு சூட்டு போட்டுகினு வந்துகீது" என்றான் ஜேம்ஸ். ஞானகுமாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிறிஸ்துதாஸும் சிரித்தார். ஆனால் கை தட்டின் பக்கம் போகவில்லை.

சிலுவை போட்டு ஜெபம் சொன்னார்கள். மற்ற மூணு பேரும் பிசைய ஆரம்பித்தார்கள். அவர் துணியை மடித்தார், பிரித்தார். தண்ணீர் குடித்தார். செலின் சாப்பிடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பரிமாறுகிறவர் விரால் குழம்பு எடுத்துவந்தார். நரைத்த மீசை, வெள்ளைச் சட்டையில் கோதண்டம் என்று பெயர் குத்தியிருந்தது. அவர் சட்டியை மேஜையில் வைத்ததுதான் தாமதம், கிறிஸ்துதாஸ் எழுந்து கரண்டியை வாங்கி, மகள் தட்டில் ஒரு நடுத்துண்டு, மகன் தட்டில் ஒரு துண்டு என்று போட ஆரம்பித்துவிட்டார். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜேம்ஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

சார், நீங்க உட்காருங்க, அது எங்க வேலை என்று கோதண்டம் சொன்னார். இவங்க சாப்பிட்டு முடிக்கட்டும், நான் அப்புறம் சாப்பிடறேன் என்றார் கிறிஸ்துதாஸ். செலின்தான் மெதுவாகச் சொன்னாள், அப்பா கேன்டீன் சமையல்காரர், எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவார், அவர் சாமிக்குக் கொடுத்த வார்த்தை அது என்று. சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கோதண்டம் இப்போது சார் என்று சொல்லாமல் பேசினார்.

"அண்ணாத்தே, உன் கையில கீற சூட்டுத் தழும்ப பாத்தப்பவே நெனச்சேன். உள்ள பத்து பேரு கீறோம், ஒருத்தனும் இன்னும் சாப்புடல. அதுல நான்தான் கடைசி. இந்தச் சட்டிக்கு இன்னிக்கு நான் காவல், யாருக்கும் சோறு கொறயாம நான் பாத்துக்கறேன். நீ குந்து."

கிறிஸ்துதாஸ் அவர் முகத்தைப் பார்த்தார். கரண்டியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

கோதண்டம் அவர் தட்டில் சோறு வைத்து, விரால் குழம்பை ஊற்றினார். கிறிஸ்துதாஸ் பிசைந்து ஒரு வாய் வைத்தார். குழம்பில் புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. முள்ளை நாக்காலேயே ஒதுக்கி, இடது பக்கத்துப் பல்லால் மெதுவாக மென்று சாப்பிட்டார். செலினும் இடது பக்கம்தான் மெல்லுவாள். ஞானகுமாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாங்கா ஊறுகா போட்டுக்கப்பா" என்றாள் செலின். போட்டுக்கொண்டார். இன்னும் கொஞ்சம் சோறு என்றாள். அதையும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு நாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து கை கழுவினார்கள்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்புப் பக்கம் நடக்கப்போனவர், திரும்ப உள்ளே போய்விட்டார். ஜேம்ஸ் பின்னாலேயே ஓடினான். சமையற்கட்டு வாசலில் நின்று, உனக்கு வெச்சிருக்காங்களா என்று அவர் கோதண்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கோதண்டம் ஒரு தூக்கின் மூடியைத் திறந்து காட்டினார். சோறும் ஒரு விரால் தலையும் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கிறிஸ்துதாஸ் பஸ் ஏற வந்தார்.

கேன்டீனில் அவர் வேலையை விட்டு நிற்கிற வரைக்கும் கடைசியாகத்தான் சாப்பிட்டார். அதில் மாற்றம் இல்லை.

வீட்டு விஷயம் வேறு மாதிரி ஆயிற்று. ஜூன் முதல் வாரம் செலினைத் திருச்சியில் விட்டுவிட்டு மறுநாள் சாயந்திரம் ஊர் திரும்பினார்கள். ஞானகுமாரி சோறு வடித்து, பழக்கத்தில் மூணு தட்டு எடுத்துவைத்தாள். வைத்த பிறகுதான் மூணாவது தட்டைப் பார்த்தாள். எடுக்கவும் மனசில்லை, விடவும் மனசில்லை, அப்படியே நின்றாள்.

கிறிஸ்துதாஸ் கரண்டியைக் கீழே வைத்தார். அந்தத் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டார்.

"போடு" என்றார்.