வலது கன்னம்

எந்தக் கலவையானாலும் ஆலையை விட்டுப் போகுமுன் ஒரு நாள் முழுக்க, அதைக் கிண்டும் நெனெங்கின் வலது கன்னத்தில் இருக்கும். சிமாஹி ஊரின் அந்தச் சின்ன முகக் கிரீம் ஆலையில் யாரும் சொல்லாமல் அவளாகவே வைத்துக்கொண்ட வழக்கம் அது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன், வெள்ளையாகும் ஆசையில் சந்தைக் கிரீம் ஒன்றைப் பூசி முகம் வெந்துபோனவள். கறுத்த திட்டுகளை முக்காட்டால் மூடிக்கொண்டுதான் இங்கே வேலைக்கு வந்தாள். நயாசினமைடு என்ற வைட்டமின் பொடி கலந்த கிரீமைப் பாத்திரத்திலிருந்து வழித்தெடுத்துத் தினமும் பூசிவர, மூன்றே மாதத்தில் முக்காடு தளர்ந்தது. அன்றிலிருந்து அந்த வெள்ளைப் பொடியின் டப்பாவை 'பிஸ்மில்லா' சொல்லாமல் அவள் திறந்ததில்லை.

இந்த நோன்பு மாதத்தில், பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், காலையில் பூசிய கன்னம் தக்காளியாய்ச் சிவந்தது. நேற்று சாயங்காலம் பசி மயக்கத்தில், புளிப்புக்காகச் சேர்க்கும் எலுமிச்சை உப்பை இரண்டு முறை கொட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சூடான பானையில் புளிப்பு மிஞ்சினால் அந்த வைட்டமின் உருமாறி முகத்தைச் சிவக்க வைத்துவிடும்.

முதலாளி உஜாங்கிடம் போய்ச் சொன்னாள். சரக்கு ஏற்ற வந்த வண்டி வாசலில் நின்றது. அவர் சிரித்தார்.

"எரிஞ்சாத்தானே வேலை செய்யுதுங்கிறாங்க நம்ம ஜனங்க. காரமில்லாத மிளகாய்ச் சம்பலை யாரு வாங்குவா, அக்கா?"

"முன்னாடி நானும் அப்படி நம்பித்தான் முகத்தை எரிச்சுக்கிட்டேன், முதலாளி."

வேலை போனாலும் போகட்டும் என்று, புளிப்புப் பார்க்கும் தாளைக் கிரீமில் தோய்த்து அவர் மேசையில் வைத்தாள். தாள் செக்கச் சிவந்தது. அவர் ஒரு விரல் வழித்துத் தன் கன்னத்திலேயே தடவிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வண்டிக்காரன் எட்டிப் பார்த்தான்.

"என்ன முதலாளி, பொண்ணு பாக்க வந்தாங்களா? இப்படி வெட்கப்படறீங்க?"

உஜாங் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே வண்டியைத் திருப்பி அனுப்பினார். நெனெங் தலை குனிந்து நின்றாள்.

"எல்லாத்தையும் கொட்டிடு. மறுபடி கிண்டலாம்," என்றவர், நிறுத்திச் சொன்னார்: "நோன்பு திறந்து சாப்பிட்டப்புறம் கிண்டு, அக்கா. இனிமே இந்த மாசம் முடியிற வரைக்கும் அப்படித்தான்."

அன்று பாங்கு சொன்னதும் அவர் மேசையிலிருந்தே பேரீச்சம்பழம் வந்தது. தின்று, கை கழுவி, நெனெங் டப்பாவைத் திறந்தாள். 'பிஸ்மில்லா' சொல்லிப் பொடியைப் போட்டு, எலுமிச்சை உப்பை ஒரே முறை அளந்து கொட்டிக் கிண்டினாள். புதுக் கலவையை இடது கன்னத்தில் பூசிக்கொண்டாள்; வலது இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.