கரம்பைக் கட்டி

நாகஜோதிக்குக் கல்யாணமாகி நெடுநாள் கழித்துத்தான் வயிற்றில் தங்கியது. அதற்குள் ஊர் அவளை என்னவெல்லாம் பேசியது என்று சொன்னால் என் நாக்கு கூசும். பக்கத்து வீட்டுக்காரி நான், எல்லாவற்றையும் கேட்டவள். திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போனாலும் யாரோடும் முகங்கொடுத்துப் பேச மாட்டாள். வயிறு தெரிய ஆரம்பித்த பிறகுதான் அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

மசக்கையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மண்தான் கேட்டது. எங்கள் பக்கம் இது புதுசா என்ன? ஒருத்தி சாம்பலைத் தின்பாள், ஒருத்தி திருநீற்றைத் தின்பாள், ஆற்று வண்டலான கரம்பையைக் கடித்துப் பார்க்காதவள் குறைவு. நானும்தான் தின்றேன், என் பிள்ளைகள் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்கள்.

அவள் புருஷன் சுருளிராஜன் வாழைத்தார் லோடு ஏற்றுகிறவன். திரும்பும்போது ஈரத்துண்டில் கரம்பை கட்டிக்கொண்டு வருவான். கண்ட இடத்தில் அள்ள மாட்டான். ஓடை வந்து ஆற்றில் சேரும் வளைவில் கருகருவென்று, வெண்ணெய் மாதிரி படிந்திருப்பதைத்தான் தேடி எடுப்பான். அதைக் காயவைத்து, தணல்மேல் சட்டி வைத்து லேசாகச் சுட்டு, கட்டி கட்டியாக உடைத்துக் கொடுப்பான்.

"ஏலே, பொண்டாட்டிக்கு அல்வா வாங்கிட்டு வர்றவனப் பாத்திருக்கேன். நீ என்னலே, ஆத்தையே அள்ளிட்டு வர்ற?" என்பேன்.

"அவ கேட்டா கொண்டாந்துதான ஆகணும் மதினி" என்று நெளிவான்.

அந்த வளைவில் ஒருநாள் ஹேமாவதி என்று ஒரு பெண் குழாயை இறக்கி அடிமண் எடுத்துக்கொண்டிருந்தாள். தேனியில் காலேஜ் படிக்கிறவள், படிப்புக்காக ஆற்று மண்ணைச் சோதித்துப் பார்க்கிறாளாம். குடிக்கத் தண்ணீர் கேட்டு என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நாகஜோதி கரம்பையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இத எங்கன எடுத்தீக?"

"ஓடை வளைவுல. எங்க வீட்டுக்காரக கொண்டாந்தாக. நீயும் ஒண்ணு திங்கிறியா?"

அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போனது. வாயில் இருந்ததைத் துப்பச் சொல்லி, கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டாள். மேலே ஓடைக்கரையில் ஒருவன் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற கொட்டகை போட்டிருந்தான். அவன் கழுவிவிடுவதெல்லாம் ஓடையோடு வந்து, மைமாதிரி இருக்கிற வண்டலில்தான் அதிகமாக ஒட்டிக்கொள்ளுமாம். "அடிமண்ணுல புழு பூச்சிகூட இல்லக்கா. அதத் தின்னு வாழுற மீனும் குறைஞ்சுபோச்சு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் நாகஜோதிக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் ஈயம். டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்: தாயிடம் இருப்பது பிள்ளைக்கும் போகும், மூளையைப் பாதிக்கலாம், எவ்வளவு என்பது பிறந்து வளரும்போதுதான் தெரியும், இனி மண் வாயில் படவே கூடாது.

சுருளிராஜன் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டான். "நல்ல மண்ணாப் பாத்துப் பாத்துல்ல எடுத்தேன்!"

கொட்டகைக்காரனைக் கேட்கப் போனால் பூட்டுத்தான் தொங்கியது. பாவிப்பயல், அவன் விளங்குவானா! வாய் வலிக்கத் திட்டிவிட்டு வந்தோம். மண் அங்கேயேதான் கிடக்கிறது.

மாத்திரை கொடுத்தார்கள், பால் குடிக்கச் சொன்னார்கள். ஆசை மட்டும் போகவில்லை. கரம்பை சுட்ட சட்டியை அவள் நக்கிக்கொண்டிருப்பதைப் புருஷன் பார்த்துவிட்டான். அடிக்கக் கையை ஓங்கியவன் தன் கன்னத்திலேயே அறைந்துகொண்டான். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "என்னைய உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போங்க. சாவி மதினிகிட்ட இருக்கட்டும்."

அன்றிலிருந்து அவன் லோடுக்குப் போனால் சாவி என் இடுப்பில்.

இன்றைக்கு மழை தூறியது. மண்வாசம் கிளம்பியதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, ஒரே ஒரு கட்டி. முழுங்க மாட்டேன். பிள்ளை மேல சத்தியமா, மோந்து பாத்துட்டுத் தந்துர்றேன்."

"கொன்னுருவேன்டி! போய்ப் படு!" என்று கத்தினேன். கத்திவிட்டு இடுப்புச் சாவியை இறுக்கிச் செருகிக்கொண்டேன்.

அவள் என்னைக் கண்டபடி ஏசினாள். கதவை உதைத்தாள். பிறகு அடங்கிப்போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"போனது போயிருச்சுல்ல மதினி. இனிமே திங்காட்டி மட்டும் இது சரியாயிருமா?"

ஆயிரும்டி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதை விழுங்கிவிட்டு, பூட்டைத் திறந்து உள்ளே போய், உள்தாழ் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.