அம்மாவை உட்காரவைக்க ஒரு ஹோட்டல்

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் நிறைந்தபோது, அன்றைக்கு அம்மாவைச் சமைக்கவிடக் கூடாது என்று முடிவு செய்தேன். வெளியே போய்ச் சாப்பிட்டால் மட்டும் போதாது. கரண்டி அவள் கைக்குப் போகவே கூடாது. தாராவியில் எங்கள் ஒற்றை அறையில் அப்பா, தம்பி, நான் மூவரும் உட்காருவோம், அம்மா பரிமாறுவாள். நாங்கள் எழுந்த பிறகு மிஞ்சியதைச் சாப்பிடுவாள். அப்படிச் செய் என்று யாரும் சொன்னதில்லை. செய்யாதே என்றும் யாரும் சொன்னதில்லை. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மாவிடம் சொன்னதும், "ஹோட்டல்ல எதுக்குட்டி துட்டக் கொட்டணும்? கறி எடுத்தா வீட்டுலயே பிரியாணி வச்சிருவேன்லா" என்றாள். அதைத்தானே வேண்டாம் என்கிறேன்.

செம்பூர் ஆபீஸில் நான் வாங்கும் சம்பளத்துக்குப் பெரிய ஹோட்டல் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் மதிய இடைவேளைகளில் போனில் ஒவ்வொரு மெனுவாகத் துழாவினேன்.

"பஃபே போலாம்க்கா, ஃபுல் பைசா வசூல், குடுத்த காசுக்கு மேலயே சாப்பிடலாம்" என்றான் தம்பி. பஃபே என்றால் அப்பாவின் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அம்மாதான் வரிசையில் நிற்பாள். காட்கோபரில் ஓர் இடம் எங்களுக்குக் கட்டுப்படியாகும் என்றார்கள். நேரிலேயே போய்ப் பார்த்தேன். கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான், அம்மா எழுந்து நின்று பரிமாற ஆரம்பித்துவிடுவாள். அதையும் தள்ளிவிட்டேன்.

கடைசியில் மாஹிமில் ஒன்று அகப்பட்டது. ராத்திரி விலையைப் பார்த்தால் தலை சுற்றும். மதியம் மட்டும் குறைந்த விலையில் ஒரு சாப்பாடு உண்டு. போன் செய்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டில் போட்டே வருமா என்று ஹிந்தியில் கேட்டேன். வரும் என்றார் எடுத்தவர். மறுபடியும் கேட்டேன். வரும் மேடம், வரும் என்று அலுத்துக்கொண்டார்.

கல்யாண நாளன்று சர்ச்சில் ஜெபம் முடிந்ததும் நேராக அங்கே போனோம். அம்மா நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். முதல் தட்டு, சோறும் மீனும், அவள் முன்னால்தான் வந்தது. உடனே அதை அப்பா பக்கம் நகர்த்தினாள். நான் திருப்பி நகர்த்தினேன்.

"உங்கப்பா இன்னும் சாப்பிடலயே."

"அவங்களுக்கும் வரும். நீ சாப்பிடும்மா."

"எல்லாருக்கும் வரட்டும். பொறவு சாப்பிடுதேன்."

"இல்ல. இப்பவே."

என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அப்பா என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். "சாப்பிடு பிள்ள" என்றார்.

அம்மா மீனைப் பிட்டுச் சோற்றோடு வாயில் வைத்தாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். சுட்டுவிட்டது. தண்ணீரை நீட்டினேன்; வாங்கவில்லை. மெல்ல விழுங்கிவிட்டு எங்கள் மூவரையும் பார்த்துக் கேட்டாள்:

"இம்புட்டுச் சூடாவா நீங்கல்லாம் தெனமும் சாப்பிடுதிய?"