ஐந்து கொலைகளும் ஒரு கிராணியும்

கொலை செய்யும் பழக்கம் எனக்கு வேலையிடத்தில் தொற்றியது. செண்டாயானில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை, ஒரு வருடம் எங்களை போர்ட்டிக்சன் கடற்கரைக்குக் கூட்டிப்போய், ஒற்றுமையை வளர்க்கிறோம் என்று ஹோட்டலில் உட்காரவைத்து ஒரு கொலை விளையாட்டு நடத்தியது. ஒருவர் கதை சொல்லிக்கொண்டே போவார். பாதியில் நிறுத்தி, அடுத்து யாரை விசாரிக்கலாம் என்று கேட்பார். நாம் கைதூக்கிச் சொல்லும் பக்கம் கதை திரும்பும். கடைசியில் கொலைகாரன் யாரென்று ஓட்டுப் போட வேண்டும். எங்கள் ஒற்றுமை அன்று மதியத்தோடு முடிந்தது. எனக்கு விளையாட்டு பிடித்துப்போனது.

நான் பிறந்த தோட்டம் கோலா பிலா பக்கம். ரப்பர் போய் செம்பனை வந்து வெகுகாலமாகிறது. கோயிலும் அதை ஒட்டிய மண்டபமும் இருக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே கூடுவோம். பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம்வரை பேச்சு. ஒரு மாதம் பேச்சு முழுக்க சர்க்கரை நோய் மாத்திரையைச் சுற்றியே ஓடியது. எனக்குப் பொறுக்கவில்லை. மறுமாதம் ஒரு கொலையை எழுதிக்கொண்டு போனேன்.

திருவிழாவுக்கு வந்த நகை வியாபாரி ஒருவர், ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கொட்டகையில் பிணமாகக் கிடக்கிறார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர், லாரி டிரைவர், துரை பங்களாச் சமையல்காரர், மரம் வெட்டும் ஒரு பெண் என்று நாலு பேர்மேல் சந்தேகம். அந்தப் பெண்ணாக நடிக்க, முப்பது வருடம் மரம் வெட்டிய அக்கா ஒருவர் முன்வந்தார். வாய்த்துடுக்கு அதிகம். கூட்டத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"அன்னிக்கிக் காலைல எங்க இருந்தீங்க?" என்று விசாரித்தேன்.

"எங்க இருப்பேன்? வெட்டிக்கிட்டு இருந்தேன்."

எங்கள் கூட்டத்தில் முன்பு தோட்டத்து லாரி ஓட்டிய டிரைவர் அண்ணனின் மருமகள் கோலாலம்பூரில் வளர்ந்தவள். நோட்டில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் அப்படியே நிமிர்ந்து, "ஆண்ட்டி ஒத்துக்கிட்டாங்க. கேம் முடிஞ்சிருச்சிலா," என்றாள். வெட்டுவது என்றால் பால் மரத்தைச் சீவுவது என்று அவளுக்குப் புரியவைப்பதற்குள் எங்களுக்கு வயிறு வலித்துவிட்டது.

அப்புறம் ஓட்டு. பதினொரு கை உயர்ந்தது. பதினொன்றும் கிராணிக்கு.

கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. விடியுமுன் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துப் பேர் வாசிப்பவர். என் கதையில் அவர் ஒரே ஒரு வரியில் வந்தார். ஆபீஸ் கதவைத் திறந்தார், அவ்வளவுதான். சந்தேகப் பட்டியலிலேயே அவர் இல்லை என்றேன். "அதான் சந்தேகமா இருக்கு," என்றார் அக்கா.

நானும் சிரித்தேன். என் அப்பா அந்தத் தோட்டத்தின் கிராணி என்பது அவர்களுக்குத் தெரியும். ஐம்பது வயதிலும் என்னை அவர்கள் கூப்பிடுவது கிராணி பாப்பா என்றுதான். விளையாட்டுதானே என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது மாதமும் கிராணிதான். மூன்றாவது மாதம் அவருடைய காலை உடைத்து சிரம்பான் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தேன். "கட்டோட பஸ் ஏறி வந்திருப்பான்," என்றார் டிரைவர் அண்ணன். எந்த பஸ், எங்கே மாறினான் என்றுகூடச் சொன்னார். நாலாவது மாதம் வெறுத்துப்போய்க் கிராணியையே பிணமாக்கினேன். இனி என்ன செய்வீர்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர்கள் கூடிக் கூடிப் பேசிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள். கிராணி தன்னைத் தானே கொன்றுகொண்டு பழியை மற்றவர்கள்மேல் போட்டுவிட்டாராம். போகிற போக்கிலும் குசும்பு போகவில்லை பாருங்கள் என்று கோயில் பூசாரி வருத்தப்பட்டார்.

அன்று செண்டாயான் வரை காரில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் அழுகை வந்துவிட்டது. அப்பா இறந்து எட்டு வருடம். அவர் இனிப் பேர் வாசிக்கப் போவதில்லை, பிந்தி வந்த யாரையும் திருப்பி அனுப்பப் போவதில்லை. ஒரே ஒரு தடவை, பொய்க் கொலையிலாவது, இவர் செய்யவில்லை என்று அந்தக் கூட்டத்தின் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது.

ஐந்தாவது கதைக்கு மூன்று வாரம் உட்கார்ந்தேன். துரை பங்களாவில் விஷம் வைத்துக் கொலை. செய்தது டிரஸர், அதாவது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். மருந்துப் பாட்டில், கைரேகை, எழுதிய சீட்டு, எல்லாம் அவரைக் காட்டின. விஷம் கலந்த நேரத்தில் கிராணி பெரட்டுக் களத்தில், நூறு பேர் முன்னால் நின்று பேர் வாசித்துக்கொண்டிருந்தார். இதைவிடப் பெரிய சாட்சியை யாராலும் எழுத முடியாது என்று எனக்கு ஒரே பெருமை.

ஓட்டு எடுத்தேன். பதினொரு கை. கிராணி.

காகிதத்தை மேசையில் வீசினேன். "உங்களுக்கெல்லாம் கண்ணு தெரியலையா? நூறு பேரு பாத்துக்கிட்டு இருக்காங்க. அதுல நீங்களும் நிக்கிறீங்க. எங்கப்பா எப்படிக்கா கொன்னிருப்பாரு?"

அப்பா என்ற சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. பூசாரி தேத்தண்ணீர் கிளாசை மெதுவாகக் கீழே வைத்தார்.

"உக்காரு பாப்பா," என்றார் அக்கா. "கிராணி செய்யலன்னு எங்களுக்குத் தெரியாதா? பாட்டில நீ காட்டினப்பவே டிரஸர்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன்கா?"

"டிரஸரு பேரை எப்படிச் சொல்றது? என் மூத்தவனுக்கு இழுப்பு வந்தப்ப மழையில ஓடியாந்த மனுசன்."

"அது வேற டிரஸருக்கா. இது கதை."

"கதைல வந்தா மட்டும் வேற ஆளா? சரி, டிரைவருன்னு சொல்லலாம்னா, அண்ணன் இங்கயே உக்காந்திருக்காரு. மண்டோரு எனக்குச் சித்தப்பா. யார் பேரைச் சொன்னாலும் நம்ம ஆளுக. மிச்சம் இருக்கிறது கிராணிதான்."

வெறுப்பில் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சாப்பாட்டில் உப்பு குறைவு என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். எங்கள் வீடு தொழிலாளர்கள் குடியிருந்த லயத்திலிருந்து தள்ளி, வேலி போட்டுத் தனியாக இருந்தது நினைவுக்கு வந்தது. அப்பா பேர் வாசித்துப் புத்தகத்தை மூடிவிட்டால் மூடினதுதான். பிறகு ஓடிவருகிறவர்கள் அன்றைய கூலியை இழந்து வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அதுதான். ஜன்னல் வழியாக நான் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்காக வாதாட வந்த எனக்கு அதை மறைக்கத் தெரியவில்லை.

"திருப்பி அனுப்புனது வாஸ்தவம்தான்கா," என்றேன்.

அக்கா, பெரட்டில் பேர் கூப்பிட்டால் தூக்குவதைப்போல வலது கையை நேராகத் தூக்கினார்.

"நான்தான் கொன்னேன். எழுதிக்க."

"அக்கா, சந்தேகப் பட்டியல்லயே நீங்க இல்ல."

"இருக்கேன்னு எழுதிக்க. விசம் நான்தான் வச்சேன்."

டிரைவர் அண்ணன் கை தூக்கினார். "பாட்டிலை லாரில கொண்டாந்து கொடுத்தது நான்." பூசாரி தானும் உடந்தை என்றார். மருமகள், "எனக்கும் பங்கு இருக்கு ஆண்ட்டி," என்றாள். ஒருவர் மிச்சமில்லாமல் பதினொரு கையும் மேலே நின்றது. இந்த விளையாட்டுக்கு நான் எழுதிய சட்டத்தில் இப்படி ஒரு முடிவுக்கு இடமே கிடையாது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு பேராகக் கொலைகாரர்கள் பட்டியலில் எழுதினேன்.

எழுதி முடிக்கும்வரை அக்கா கையை இறக்கவில்லை. என் பக்கமாகக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"உங்கப்பா நல்லவருன்னு என்னால சொல்ல முடியாது பாப்பா. ஆனா இந்தக் கொலைய அவரு செய்யல."