கண்ணை மட்டும் மறைக்கும் முகமூடி

பர் துபாயில் பழைய புத்தகம் விற்கும் ஒரு கடையில்தான் அந்தக் காலத்து ஆங்கில சாகசக் கதை இதழ்கள் சில கிடைத்தன. பழுப்பேறி, தொட்டால் உதிரும் மட்டமான தாள். என் ஆங்கிலம் அரைகுறை; அதற்கே விஷயம் புரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து நான் படித்த காமிக்ஸ் நாயகர்கள் எல்லோரும் இந்தக் கதைகளுக்குப் பிறந்தவர்கள். அதே முகமூடி, அதே இரட்டை வாழ்க்கை, அதே ரகசியக் குகை. முகமூடியைக் கழற்றினால் பெரும்பாலும் பணக்காரன். வேலைவெட்டி இல்லாதவனுக்குத்தானே ஊரைக் காப்பாற்ற நேரம் கிடைக்கும் என்று எரிச்சலாக வந்தது.

அப்போது அல் கூஸில் தொழிலாளர் கேம்ப் வாசம், பெயின்டர் வேலை. அந்த எரிச்சலில் நானே ஒரு காமிக்ஸ் வரைய ஆரம்பித்தேன். என் நாயகன் கம்பெனி ஆபீஸில் டீ போடுபவன். முகமூடி மாட்டினால் ஆபீஸ் அலமாரியை உடைத்து, தொழிலாளிகளின் பாஸ்போர்ட்டை எடுத்து அவரவர் தலையணைக்கடியில் வைத்துவிடுவான். வெள்ளிக்கிழமைதோறும் நாலு பக்கம். துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு ரூம் ரூமாகக் கைமாற்றிப் படிப்பார்கள். எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கம்பெனியிடம்தான் இருந்தது. கிராக்கிக்குக் கேட்கவா வேண்டும்?

எங்கள் ரூமில் ஆபீஸுக்கு டீ போடும் அண்ணன் ஒருவர் இருந்தார். ராமநாதபுரத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். மகளை அப்போதுதான் நர்சிங் படிப்பில் சேர்த்திருந்தார். அவர் மூக்கையும் மீசையையும் அப்படியே நாயகனுக்குப் போட்டு, கண்ணைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை வரைந்தேன். அதைக் கட்டினால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது என்று நான் படித்த அத்தனை கதையும் சொன்னது. முட்டாள், நம்பினேன்.

அண்ணனுக்கு ஏகப் பெருமை. "இந்த வாரம் நான் யாரை அடிக்கிறேன்ப்பா?" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தத் தாள் கேம்ப்பை மேய்க்கும் கேம்ப் பாஸ் கையில் சிக்கியது. அவருக்குத் தமிழ் தெரியாது. படத்துக்குத் தமிழ் எதற்கு? டீத் தட்டு, அலமாரி, பாஸ்போர்ட், அண்ணனின் மூக்கு. ஆபீஸில் திருடத் திட்டம் என்று முடிவு கட்டிவிட்டார். எங்கள் ரூமுக்கு வந்து எல்லோரையும் நிற்கவைத்து, "யே கோன் பனாயா?" என்று இந்தியில், வரைந்தது யார் எனக் கேட்டார்.

என் விரலில் மை இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நான் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். அண்ணன் ஒருமுறை என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. கேம்ப் பாஸ் "கலாஸ்", முடிந்தது என்று அரபியில் சொல்லித் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அண்ணனுக்கு விசா கேன்சல்.

அவர் பாஸ்போர்ட் வேன் டிரைவரிடம் இருந்தது. ஏர்போர்ட்டில்தான் கையில் கொடுப்பார்களாம். பெட்டியை நான் தூக்கிக்கொண்டு வேன் வரை போனேன். "அண்ணே, இப்பவாச்சும் போயி சொல்லிரட்டுமா?" என்றேன். சொல்லமாட்டேன் என்று எனக்கே தெரியும்.

"கேட்டப்ப வாயத் தொறந்திருக்கணும்ப்பா," என்றார். "பெட்டிய விடு. நானே தூக்கிக்கிறேன்."