அடுக்களைச் சுவரில் ஒரு முகம்

பாளையங்கோட்டையில் ஓர் ஓவியக் கண்காட்சி. வெள்ளைத் துணியில் ஒரு பழுப்புக் கறை, அவ்வளவுதான் படம். இதெல்லாம் கலையா என்று முனகிக்கொண்டே கடந்து போனேன். கால் கேட்கவில்லை. திரும்பி வந்தேன், மறுபடி போனேன், மறுபடி வந்தேன்.

எங்கள் வீட்டு அடுக்களைச் சுவரிலும் மழைநீர் இறங்கி இப்படி ஒரு கறை இருந்தது. ஒருநாள் சித்தி அப்பாவைக் கூப்பிட்டாள். "அத்தான், இங்கன பாருங்க. தாடி வச்ச முகம். இயேசப்பா மாதிரியே இருக்கு."

மறுநாள் தெருப் பெண்கள் வந்து, முக்காடு போட்டுச் சுவர் முன்னால் ஜெபம் செய்தார்கள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "நாம சுவத்தக் கும்பிடுத ஆளுகளா?"

கிறிஸ்மஸுக்கு வாங்கிவைத்த சுண்ணாம்பில் நீலம் கலந்து அன்றே அடித்தார். அடுக்களை முழுக்கச் சுண்ணாம்பு நெடி. அம்மா வெண்டைக்காயைக் கையில் பிடித்தபடி அழுதாள்.

"நீயுமா அத ஆண்டவருன்னு நெனச்ச?"

"இல்ல. நம்ம மூத்தவன், பால் குடிக்குத வயசுல போனானே, அவன் ஒருக்களிச்சுப் படுத்திருக்குத மாதிரி இருக்கும். அதான் தினமும் இங்கனயே உக்காந்து காய் நறுக்குவேன்."

அப்பா வேட்டி நுனியால் ஈரச் சுண்ணாம்பைப் பரபரவென்று துடைத்தார். "எங்கன இருந்தான்? கண்ணு எங்கன?" கறையும் சேர்ந்து கரைந்து வந்தது.

படம் வரைந்த பெண் பக்கத்தில் வந்து நின்றாள். "என்ன தெரியுது சார்?"

"யாரும் இதுல வெள்ளை அடிச்சிராம பாத்துக்கோம்மா" என்றேன்.