கைதட்டாத ஞாயிறு

லண்டனில் கோலியர்ஸ் வுட்டிலிருந்து மிட்சம் பக்கமாக நடந்துகொண்டிருந்தோம். அண்ணையின் முதுகில் கிட்டார், என் கையில் அம்ப்ளிபயர். ஞாயிறுதோறும் மத்தியானம் பாட இடம் தரலாமா என்று பார்க்க ஒரு பப்காரர் அவருக்கு ஒரேயொரு தரம் வாய்ப்புக் கொடுத்திருந்தார். அது சற்று முன்தான் கைநழுவியிருந்தது.

அண்ணை என் கூடப்பிறந்தவரல்ல; மன்னாரில் மாதா கோவில் பாடகர் குழுவில் வளர்ந்தவர். ஜெர்மனி அகதி முகாமில், ஒரே அறையில் இருந்த கானா நாட்டுக்காரரிடம் புளூஸ் இசை பழகினார். பாரிஸில் சுரங்க ரயில் நிலையங்களில் பாடினார். லண்டனில் பேக்கரி, பிறகு கார் கழுவுமிடம்; மிஞ்சிய நேரத்தில் கிட்டார். சொற்களைத் தமிழில் அவரே கட்டுவார். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் யேசுவின் பாடுகளை நினைத்து எங்கள் சனம் பாடும் வியாகுல ஒப்பாரியின் இழுவை அதில் தானாக வந்து சேரும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், நாலு நாடு திரிந்தவன். எந்த ஊரிலும் ஆறு மாதம் தாண்டாத நான் இங்கே தங்கியது அந்தப் பாட்டுக்காகத்தான்.

அன்று பூசை முடிந்து எங்கள் தேவாலயப் பங்குச் சனம் நேரே பப்புக்கு வந்துவிட்டது, அவருக்கு ஆதரவாக. தவக்காலம் என்பதால் ஒருவரும் குடிக்கவில்லை. அத்தனை பேரும் குழாய்த் தண்ணீர்தான். பாட்டு முடிந்ததும் ஒருவரும் கைதட்டவும் இல்லை, தலை குனிந்திருந்தார்கள். வயதான பெண்கள் இருவர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். உங்கள் ஆட்களுக்கே பிடிக்கவில்லையே என்று பப்காரர் கையை விரித்துவிட்டார்.

“ஒப்பாரிக்குக் கைதட்டிறேல்லை எண்டு அந்தாளுக்குச் சொல்லியிருக்கலாமே, அண்ணை?”

“சொன்னா, குழாய்த் தண்ணி குடிச்சதுக்கும் காரணம் சொல்லோணும். யேசுநாதரில இருந்து துவங்கோணும்.” சிரித்தபடி நடந்தார். “பாரிஸில காசு போட்டவை, ஆனா ஒருத்தரும் நிண்டு கேக்கேல்லை. இண்டைக்கு ஒருத்தரும் எழும்பேல்லை, பாத்தனியோ?”

பின்னால் வந்த வான் பக்கத்தில் நின்றது. ஓட்டிவந்தவர் பப்பில் முன்வரிசையில் இருந்தவர். டைல்ஸ் ஒட்டும் வேலை எடுத்துச் செய்பவர்.

“நாங்கள் வந்துதான் கெடுத்துப்போட்டம் போல. எனக்கு நாளைக்கு ரெண்டு ஆள் வேணும். வாறியளோ?”

“ஓம், வாறம்,” என்றார் அண்ணை.

வான்காரர் தொடர்ந்தார்: “ஈஸ்டர் முடியட்டும், அண்ணை. அந்தாளிட்டத் திரும்பக் கேப்பம். அப்ப எங்கட ஆக்கள் குழாய்த் தண்ணி குடியாயினம், பியர் எடுப்பினம்.”

வான்காரர் சொன்னபடியே நடந்தது. இப்போது ஞாயிறு மத்தியானம் அண்ணையுடையது. பாடத் தொடங்குமுன், முடிந்ததும் கைதட்டும்படி எங்கள் சனத்திடம் கேட்டுக்கொள்கிறார். கொஞ்சம் கூச்சத்தோடு தட்டுகிறார்கள்.

கைதட்டாத அந்த ஞாயிறுக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு மிட்சத்தில் ஒரு குளியலறையில் வேலை தொடங்கினோம். அண்ணை முழங்காலில் நின்று முதல் டைல்ஸை வைத்தபடி மெல்ல ஓர் அடி பாடினார். வாளியில் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்த வான்காரர், ஒரே தரம் கேட்ட அந்தப் பாட்டின் அடுத்த அடியை நிமிராமலே எடுத்துப் பாடினார்.